சொன்னா கேட்குமா

செவ்வாய்ப்பேட்டையில் டச் பார்க்கும் கடையில்
பதினோரு வருஷமாய்க் கணக்கு எழுதுகிறேன்.
வெள்ளிக் கட்டியில் ஓரமாய்க் கொஞ்சம் சுரண்டி
மெஷினில் வைத்தால்
எண்பத்தேழு, தொண்ணூற்றிரண்டு என்று
சீட்டு வந்துவிடும்.
கொண்டுவந்தவர் என்ன சத்தியம் செய்தாலும்
சீட்டு சீட்டுதான்.

பள்ளிக்கூடத்துக்கு அப்படியொரு மெஷின் இல்லை.

லைன்மேடு தாண்டி, பெயிண்ட் வாசம் போகாத
மூன்று மாடி.
தாளாளரே கூட வந்து காட்டினார்:
ஒளு செய்யக் குட்டையான குழாய்கள்,
கேமரா வைத்த பஸ்,
ஏழு வயதில் அம்ம ஜுஸ்வு முடித்தவர்கள்
மாலையோடு போட்டோவில்.
எல்லாம் நன்றாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.
மாடியிலிருந்து ஏற்காட்டு மலை
துவைத்து உலர்த்தியது மாதிரி தெரிந்தது.

மூன்றாம் வகுப்பு ஜன்னலோரம் நின்றேன்.
நாற்பது பிள்ளைகள். ஒரு சத்தம் இல்லை.
"எவ்ளோ அடக்கம் பாருங்கம்மா" என்றார்.
சத்தம் வராத கொலுசைக்
காதோரம் வைத்துக் குலுக்குவோம் கடையில்,
பரல் சிக்கியிருக்கிறதா
பரலே போடவில்லையா என்று.

தாழ்வாரத்தில் ஒரு பெட்டி:
'உங்கள் சந்தேகங்களை இதில் போடவும்.'
பூட்டில் துரு.
சாவி எங்கே என்றேன்.
"ஹஜ்ரத்கிட்ட இருந்துச்சு. அவரு மாறிப் போய்ட்டாரு."
போன் வெளிச்சத்தில் துளைவழியே பார்த்தேன்.
ஒரு மிட்டாய்க் காகிதம்,
நாலாய் மடித்த தாள் ஒன்று.

அந்தத் தாளில் ருமைஸாவின் எழுத்து இருக்க வழியில்லை.
ஆனாலும் இருப்பதுபோலவே பட்டது.

அவள் கேட்டது இதுதான்:
"காவ்யா பொய்யே சொல்றதில்ல. நான்தான் சொல்றேன்.
அப்ப அவ எங்க போவா, நான் எங்க போவேன்?"
சாயந்திர மதரஸாவில் அதற்கு
அரைமணி நேரம் நிற்கவைத்தார்கள்.
அதனால்தான் இந்த அலைச்சல், மூன்றாவது பள்ளி.
ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

சொல்லாதது ஒன்று.
முதலில் அவள் அதை
அடுப்படியில் என்னிடம்தான் கேட்டாள்.
குழம்பு தீயுது, போ என்றேன்.
குழம்பு தீயவில்லை.

வகுப்பில் ஒரு பையன் எழுந்தான்.
"டீச்சர், மழை கேட்டுத் தொழுதோமே,
ஏன் பெய்யல?"
உம்முசல்மா டீச்சர்
முதலில் தாளாளரைப் பார்த்தாள்.
பிறகுதான் பையனை.
அந்தப் பார்வை எத்தனை டச்?
நல்ல கேள்வி என்றாள்;
வெளியாள் நிற்கும்போது யாரும் சொல்வதுதான்.
"எனக்கும் சரியாத் தெரியல ஜாபிர்" என்றாள்;
அதை எல்லோரும் சொல்வதில்லை.
போர்டின் மூலையில் 'மழை ஏன்?' என்றெழுதி
கட்டம் போட்டு
கீழே 'அழிக்காதே' என்றாள்.
நாளைக்கு வந்து பார்க்க வேண்டும்,
வரமுடியாது, கடையில் லீவு இல்லை.

ஆபீஸில் பாரம் நிரப்பிய கிளார்க்
தலை நிமிராமல் கேட்டார்:
"புள்ள சொன்னா கேக்குமா?"
"கேக்கும்" என்றேன்.
அவர் ஒரு அர்த்தத்தில் டிக் போட்டார்.
சொன்னாலும் கேட்கும், சொல்லாவிட்டாலும் கேட்கும்,
நீங்கள் தூங்கப்போகும் நேரத்தில் கேட்கும் என்பதை
எழுத அங்கே கட்டம் இல்லை.

வெளியே ருமைஸா
வாட்ச்மேனை மடக்கியிருந்தாள்,
ராத்திரி கேட்டைப் பூட்டிய பிறகு
மலக்குகள் எந்த வழியாக வருவார்கள் என்று.
அவர் சாவிக்கொத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார்.
நிஜமாகவே யோசித்தார்.

ஒரு டேர்முக்கு மட்டும் பணம் கட்டினேன்.

திரும்பும்போது மார்க்கெட் ஸ்டேஷன் கேட் அடைத்துவிட்டது.
கூட்ஸ் வண்டி. நேரம் நிறைய இருந்தது.
ஸ்கூட்டரை அணைத்துவிட்டுச் சொன்னேன்:
"காவ்யாவப் பத்திக் கேட்டியே,
இன்னொருவாட்டி கேளு."

"இரும்மா,
நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு,
எண்ணிட்டு இருக்கேன்ல."